ரோடு ஏறிச்சு, வாசல் இறங்கிடுச்சு: உங்க ஊர் மெயின் வீதியில நடந்ததை எழுதுங்க

முகப்பு:
எங்க வீட்டுக்கு அஞ்சு படி. இப்ப ரெண்டு. கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊர், பேர் வேண்டாம். மெயின் வீதியைப் புதுசா போடச் சொல்லிக் கொடுத்த மனுவுல நானும் கையெழுத்துப் போட்டவன். அதுதான் இன்னும் உறுத்துது.

ராத்திரியோட ராத்திரியா போட்டு முடிச்சுட்டாங்க. விடியக்காலம் அப்பத்தா வாளியும் கோலமாவுமா கதவைத் திறந்தாங்க. தினம் கோலம் போடுற கருங்கல் பாவு இருந்த எடத்துல தார். தண்ணி தெளிச்சதும் ஆவி வந்துச்சு. அப்படியும் ஒரு கால் எடுத்து வச்சாங்க, சட்டுனு இழுத்துக்கிட்டாங்க. படியில உக்காந்து உள்ளங்காலைத் தடவிப் பார்த்தாங்க. யாரையும் ஒரு வார்த்தை திட்டல. மேல் படியில சின்னதா நாலு புள்ளி வச்சுட்டு உள்ள போயிட்டாங்க. அன்னைலேருந்து எங்க வீட்டுக் கோலம் படியிலதான்.

அப்புறம் மழை. எங்க செட்டிநாட்டுப் பக்கத்து வீடுகள் எப்படின்னு தெரியும்ல, கூரைத் தண்ணி எல்லாம் முத்தத்துல விழுந்து, கல் துளை வழியா வீதி வாய்க்காலுக்குப் போகும். இப்ப வீதி மேல, துளை கீழ. அதே துளை வழியா வீதித் தண்ணி முத்தத்துக்கு வருது. 2014-லயே யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியல்ல செட்டிநாட்டு ஊர்கள் ஏறியாச்சு. ஊர் பட்டியல்ல ஏறிடுச்சு, வீடு மண்ணுக்குள்ள இறங்குது.

தேர்வடம்:
எங்க ஊர்ல மெயின் ரோடே தேரோடும் வீதிதான். சிமென்ட் ரோடு போட்டாங்க. அந்த வருஷம் தேர் கீழ வீதி முக்குல திரும்பறப்ப முட்டுக்கட்டை போட்டாங்க, கட்டை பிடிக்கல. வழுவழுன்னு சிமென்ட்டுல கட்டையையும் தள்ளிக்கிட்டே சக்கரம் நகருது. மண் வீதியா இருந்தப்ப கட்டை நறுக்குனு கடிச்சு நிக்கும். எங்க சித்தப்பா கட்டை போடுறவர், நாப்பது வருஷ அனுபவம். அவர் முகத்துல பயத்தை அன்னைக்குத்தான் பார்த்தேன். தேர் நின்னுடுச்சு, யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா அந்தச் சத்தம், கட்டை சிமென்ட்டுல உரசுற சத்தம், இன்னும் காதுல இருக்கு.

ஜல்லிக்காரன்:
முகப்பு சார், மூணு படி தாரால மட்டும் மறையாது. மேல் தார் 40 மில்லிமீட்டர், அதாவது ஒண்ணரை அங்குலம்தான். பழைய ரோட்டைத் தோண்டாம அது மேலயே ஜல்லி பரப்பி உசத்தியிருப்பாங்க. அதைச் சொல்லுங்க, தாரைத் திட்டாதீங்க. நான் பதினஞ்சு வருஷமா ரோடு வேலை பார்க்கிறேன். எஸ்டிமேட்ல பழைய தளத்தைச் சுரண்டி எடுக்கிற வேலைக்குத் தொகை இல்லன்னா எந்த ஒப்பந்தக்காரரும் கைக்காசுல சுரண்ட மாட்டார். தேர்வடம் சொல்றதும் சரி, ஆனா மழைக்காலத்துல அதே மண் வீதியில ஆம்புலன்ஸ் சிக்குனா என்ன பண்றது? சிமென்ட் காயறதுக்குள்ள குறுக்க வரி இழுத்தா கட்டை பிடிக்கும். எங்களை யாரும் கேக்கல, நாங்களும் இழுக்கல. ஒரு ஊர்ல ஒரு பெரியவர் வந்து, "தம்பி, திண்ணையில உக்காந்தா கால் தொங்கணும், இப்ப முட்டி மடங்குது"ன்னார். பதில் சொல்ல முடியல எனக்கு.

ஓய்வு வாத்தியார்:
எங்க தெருவுலயும் ஒரு படி போச்சு. அழுது பிரயோஜனம் இல்ல, செய்ய வேண்டியதைச் சொல்றேன். 2021-ல தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு, பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் புதுசு போடணும், ரோட்டோட உயரம் கூடக் கூடாதுன்னு எழுத்துல சொல்லியிருக்கார். அதைக் கையில வச்சுக்கோங்க. வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே எஸ்டிமேட் நகல் கேளுங்க, தகவல் உரிமைச் சட்டத்துல கிடைக்கும். மில்லிங்னு, அதாவது பழைய தளத்தைச் சுரண்டுறதுக்கு, ஒரு வரி இருக்கான்னு பாருங்க. ஒவ்வொரு வீட்டு நிலைப்படியிலேருந்து ரோடு வரைக்கும் டேப் வச்சு அளந்து, சுவத்துல பெயின்ட்ல கோடு போட்டு, போட்டோ எடுங்க. வாய்க்கால் அடி மட்டத்தையும் அளங்க, அதை யாரும் அளக்கறதே இல்ல. குழாய், கேபிள் வேலை எல்லாம் முன்னாடியே முடிக்கச் சொல்லுங்க, இல்லன்னா புது ரோட்டை மறுபடி வெட்டுவாங்க. வாசல் கருங்கல்லைப் பெயர்த்தா எண் எழுதி அடுக்கச் சொல்லுங்க, அதே எடத்துல திரும்ப வைக்கலாம். மரத்தடியில அடிமரம் வரைக்கும் சிமென்ட் போட விடாதீங்க.

பொறையாறு:
தரங்கம்பாடி நகர வாசல் 1792-ல கட்டினது. ராஜ வீதிக்கு அதுக்குள்ள நுழைஞ்சுதான் போகணும். போன மாசம் வளைவுக்கு அடியில வண்டியை நிறுத்திட்டு நின்னேன். வாத்தியார் ஐயா படியை அளக்கச் சொல்றாரு. வீட்டுக்காரன் ஒரு படியை மேல ஏத்திக் கட்டிக்கலாம், அந்த வளைவை யாரு தூக்கி வைக்கிறது?

ஜல்லிக்காரன்:
அங்கெல்லாம் சுரண்டித்தான் ஆகணும். அதுல எனக்கு வாதம் இல்ல.

முகப்பு:
வாத்தியார் ஐயா, இன்னிக்கு அளந்தேன். நிலைப்படியிலேருந்து ரோடு ஒண்ணே கால் அடி. பின் வாசல் அடுத்த தெருவுல இருக்கு, அங்க இன்னும் அஞ்சு படியும் முழுசா இருக்கு. அந்தத் தெருவுக்கும் ரோடு வருதாம். கோடு போட பெயின்ட் வாங்கியாச்சு.