மறு: சாக்கை சால்மன் – செங்கண் வேணாம், செஞ்சால்மன் போடுவோம்

> சாக்கை சால்மன் (sockeye salmon) = செங்கண் சால்மன்

ஐயா வணக்கம். சாக்கை சால்மன்ங்கிற மீனுக்குத் தமிழ்ப் பேரா செங்கண்ணை மட்டும் நம்ம சொல் பட்டியல்ல ஏத்திடாதீங்க, தயவுசெஞ்சு. சாக்கைங்கிற பேருக்கும் கண்ணுக்கும் (eye) சம்பந்தமே இல்ல, கனடாவுல ஃப்ரேசர் ஆத்துப் பக்கம் இருக்கிற பூர்வகுடிகளோட ஹல்கமேலம் மொழிச் சொல்லு அது, இங்கிலீஷ்காரங்க காதுல விழுந்தபடி எழுதப்போய் கண்ணு வந்து ஒட்டிக்கிச்சு. மூலத்துல அர்த்தம் சிவப்பு மீன். அலாஸ்காவுலயும் ரெட்-னுதான் சொல்றாங்க. அதனால செஞ்சால்மன்.

காலான்னு போடலாம்னு இன்னொருத்தர் எழுதியிருந்தாரு, அதுவும் சரிவராது. காலா நம்ம கடல் மீன், இந்தியன் சால்மன்னு விக்கிறாங்களே தவிர சால்மன் குடும்பமே இல்ல.

கடல்ல இருக்கிறப்ப சிவப்பா இருக்காதேன்னு கேப்பீங்க. வாஸ்தவம், அப்ப உடம்பு வெள்ளி, முதுகு நீலம். முட்டை போட ஆத்துல ஏறினப்புறம்தான் உடம்பு செக்கச்செவேல்னு ஆகி, தலை பச்சையாகி, ஆண் மீனுக்கு முதுகு புடைச்சு தாடை கொக்கியா வளையும். ஆனா கடல்ல பிடிச்சு அறுத்தாலும் சதை நல்ல சிவப்பு, பொடி இறால் மாதிரி உயிரிகளையே வடிச்சுத் தின்னு வளர்றதால வர்ற நிறம். பேரு பொருந்தத்தான் செய்யுது.

அப்படி இரையை வடிக்கிற உறுப்புக்குத்தான் (gill raker) எனக்கு அவசரமா சொல்லு வேணும். கடல்ல மாட்டினது செஞ்சால்மனா, இல்ல சம் (chum) சால்மன்ங்கிற இன்னொரு இனமான்னு பாத்த உடனே சொல்ல முடியாது, ரெண்டுக்குமே முதுகுலயும் வால்லயும் பெரிய கரும்புள்ளி கிடையாது. செவுள் மூடியத் தூக்கி முதல் செவுள் வளைவைப் பாக்கணும், உள்பக்கமா சீப்புப் பல்லு மாதிரி வரிசையா நீட்டிக்கிட்டு இருக்கும். செஞ்சால்மனுக்கு அது சுமார் 28லேருந்து 40 வரைக்கும், மெல்லிசா, நீளமா, நெருக்கமா. சம்முக்கு கம்மியா, கட்டையா, இடைவெளி விட்டு. செவுள் முள்ளுன்னு போட்டா சாப்புடுறப்ப குத்துற முள்ளு ஞாபகம்தான் வரும், வேலையைச் சொல்ற பேரு வேணும், அதனால வடிமுள்னு வைக்கிறேன், செவுள் வடிமுள்.

இந்த மீனைப் பிடிக்கிறதைப் பத்தின கட்டுரையிலயும் ஒண்ணு திருத்தணும். ஆத்துக்குள்ள வந்துட்டா இது இரை எடுக்கிறதையே அனேகமா நிறுத்திடும், 'இரை போட்டு ஈர்க்கலாம்'னு அதுல எழுதுறது தப்பு. அலாஸ்காவுல கேனாய் ஆத்துல ஈயக்குண்டு கட்டி தூண்டில் நரம்பை நீரோட்டத்துக்குக் குறுக்க விடுவாங்க, மீன் வாயைத் திறந்து மூடிக்கிட்டே ஏறுறப்ப நரம்பு வாய்க்குள்ள பூந்து தூண்டில் முள்ளு வந்து ஓரத்துல மாட்டும். கூட்டம் கரையை ஒட்டி முழங்கால் தண்ணியிலயே போகும், நடு ஆத்துக்கு வீசத் தேவையில்ல. வாயில மாட்டாம முதுகுல வயித்துல குத்தினா விட்டுடணும், அங்க சட்டம் அது.

கடலுக்கே போகாம ஏரியிலயே வாழ்ற கொகனியும் இதே இனம்தான், அதுக்கு ஏரிச் செஞ்சால்மன் போதும். வடிமுள்ளுக்கு மறுப்பு இருந்தா சொல்லுங்க.