எத்திலீன் தயாரிப்பில் கரியும் கந்தக டை ஆக்சைடும்: என்ன வழி?

எத்தனாலோடு அடர் கந்தக அமிலத்தைச் சூடாக்கி எத்திலீன் எடுக்கும் சோதனையில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். வாயு கொஞ்சமாகத்தான் வருகிறது, அதுவும் கந்தக டை ஆக்சைடு கலந்து.

95% எத்தனால் ஒரு பங்கு, 98% அமிலம் இரண்டு பங்கு, கன அளவில். குளிரவைத்த எத்தனாலில்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்கிறேன். மணல் தொட்டிச் சூடு, வெப்பமானி திரவத்துக்குள். கல்லூரி ஆய்வகத்தில், புகை உறிஞ்சும் பெட்டிக்குள் நடக்கிறது. 140 டிகிரி செல்சியஸ் அருகே பக்க விளைபொருளான ஈதரின் வாசனை, அது எதிர்பார்த்ததுதான். 160-ஐத் தாண்டினால் கலவை பழுப்பாகி, அப்புறம் கருத்து, நுரைத்துப் பொங்குகிறது.

பீங்கான் துண்டுகள் போட்டேன், நுரை சற்று அடங்கியது. வேகமாகச் சூடாக்கினேன், ஈதர் குறைந்தது, கரி கூடியது. வாயுவைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் வழியே விட்டுக் கழுவினேன். இது ரொம்ப முக்கியம்: எத்திலீன் இருக்கிறதா என்று புரோமின் நீரின் நிறம் போவதை வைத்துத்தான் பார்க்கிறேன், கந்தக டை ஆக்சைடும் அந்த நிறத்தைப் போக்கிவிடும், கழுவாமல் பார்த்தால் சோதனைக்கே அர்த்தமில்லை. கழுவிய பிறகும் நிறம் போகிறது, ஆக எத்திலீன் வருகிறது. பாஸ்பாரிக் அமிலத்தில் கரி குறையும் என்று தெரியும், ஆனால் பாடத்திட்டம் கேட்பது கந்தக அமிலத்தை.

கலவையை 170 டிகிரியில் நிறுத்தி, எத்தனால்-அமிலக் கலவையைச் சொட்டுப் புனலில் இருந்து மெதுவாக விட்டுக்கொண்டே இருந்தால் கரி குறையுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.