ஆரல்வாய்மொழியில் எடுத்த குதிரைமசால் விதை, கோயம்புத்தூர் விதையிலிருந்து மாறிவிட்டதா?

கேள்வி: தோவாளை உழவர்

அனைவருக்கும் வணக்கம். ஆரல்வாய்மொழிக்கு அருகே, கணவாய்க் காற்று நேராக வந்து மோதும் செம்மண் நிலத்தில் நான்கு கறவை மாடுகளை வைத்துப் பிழைப்பவன் நான். 2018-இல் கோயம்புத்தூரிலிருந்து வாங்கி வந்த கோ 1 இரகக் குதிரைமசால் (ஒருமுறை விதைத்துப் பல ஆண்டுகள் வெட்டும் மாட்டுத் தீவனப் பயிர்) விதையைப் பத்து சென்டில் விதைத்தேன். பயிர் நன்றாகவே வந்தது. ஆனால் வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் தேங்கும்போதெல்லாம் வேர் அழுகிச் செடிகள் செத்துக்கொண்டே வந்ததால், மூன்றாம் ஆண்டில் வரப்பை ஒட்டிய மேட்டுப் பகுதியில் ஏறக்குறைய நாற்பது செடிகளே எஞ்சின. அவற்றை வெட்டாமல் பூக்கவிட்டு, முதலில் முற்றிய காய்களிலிருந்து விதை சேர்த்து 2021-இல் விதைத்தேன். அந்தப் பயிரிலிருந்தும் அவ்வாறே எடுத்து 2024-இல் மீண்டும் விதைத்தேன்.

இப்போது நிற்பது பழைய பயிர் அல்ல என்று என் கண்ணுக்குத் தெரிகிறது. வெட்டுக்கு வரும் முன்பே பூத்துவிடுகிறது, தண்டு மெலிந்திருக்கிறது, இலை குறைவு, செடிக்குச் செடி உயரம் வேறுபடுகிறது. அதே சமயம், மழையில் சாகும் செடிகளும் முன்னைவிடக் குறைந்திருப்பதாகத் தோன்றுகிறது.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். என்னிடமிருந்து தீவனப் புற்களான கினியாப்புல்லின் விதையும் கம்பு நேப்பியரின் கரணையும் (நடுவதற்கான தண்டுத் துண்டு) குலசேகரத்தில் இருக்கும் என் மைத்துனர் கொண்டுபோய்த் தென்னைக்கு ஊடே நட்டார். அங்கே இரண்டுமே அகன்ற இலையும் மென்மையான தண்டுமாகச் செழித்திருக்கின்றன. தட்பவெப்பம் மாறியதால் இவற்றின் மரபணுவே மாறிவிட்டதா? அங்கிருந்து கரணையும் விதையும் திருப்பி எடுத்து வந்தால் அந்தக் குணம் இங்கும் கிடைக்குமா?

பதில் 1: ஓய்வுபெற்ற வேளாண் ஆசிரியர், நாகர்கோவில்

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது ஒரே கேள்வி போலத் தோன்றினாலும், மூன்று பயிருக்கும் விடை வேறு வேறு. விதை எப்படி உண்டாகிறது என்பதில்தான் அந்த வேறுபாடு இருக்கிறது.

முதலில் ஒரு பொதுவான தவறான எண்ணத்தை நீக்கிவிட வேண்டும். வெயிலோ மழையோ ஒரு செடியின் மரபணுவைத் தனக்கு ஏற்றபடி திருத்தி எழுதுவதில்லை. ஒரு வயலில் நிற்கும் ஆயிரம் செடிகளில் எவை பிழைக்க வேண்டும், பிழைத்தவற்றில் எவை அதிகம் பூத்துக் காய்க்க வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. அடுத்த தலைமுறைக்குப் பெற்றோர் யார் என்பது அப்படித்தான் முடிவாகிறது. ஆகவே செடிகளுக்குள் வேறுபாடு இருந்தால்தான் தெரிவு நடக்கும், தெரிவு நடந்தால்தான் பயிர் மாறும்.

குதிரைமசாலில் அந்த வேறுபாடு ஏராளம். அது அயல் மகரந்தச் சேர்க்கைப் பயிர். எட்டு எட்டாக நான்கு தொகுதி, மொத்தம் 32 குரோமோசோம்கள் கொண்டது. ஒரு பை விதையில் இரண்டு செடிகள்கூட மரபில் ஒன்றாக இரா. இரகம் என்று நாம் பெயர் சொல்வது, உறவுள்ள ஆனால் வேறுபட்ட செடிகளின் ஒரு கூட்டத்தைத்தான். அந்தக் கூட்டத்தை வேறொரு தட்பவெப்பத்தில் விதைக்கு விட்டால் அதன் உள்விகிதம் நகரும். அமெரிக்காவில் 1940-களில் இது பெரிய சிக்கலாக எழுந்தது. பனி விழும் வட மாநிலங்களுக்கான குதிரைமசாலுக்கு, விதை நன்றாகப் பிடிக்கும் கலிபோர்னியாவில் விதை பெருக்கினார்கள். அங்கே பனிக்காலத்தில் உறங்கும் குணமுள்ள செடிகள் குறைவாகவும், உறங்காத செடிகள் அதிகமாகவும் விதை தந்ததால், தலைமுறைகள் கூடக்கூட, திரும்பி வந்த விதைக்குக் குளிர் தாங்கும் திறன் குறைந்தது. வெளிப்பகுதியில் இத்தனை தலைமுறைக்கு மேல் பெருக்கக் கூடாது என்று சான்று விதைக்கு வரம்பு வைத்தது இதனால்தான்.

உங்கள் வயலில் மூன்று காரியங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நடந்திருக்கின்றன. நீர் தேங்கியதில் தாங்காதவை செத்தன; இது இயற்கை செய்தது. முதலில் முற்றிய காய்களை நீங்கள் பறித்ததால் சீக்கிரம் பூக்கும் செடிகளுக்கே வம்சம் கிடைத்தது. இது உங்கள் கை செய்தது. சீக்கிரம் பூக்கும் செடி தன் ஊட்டத்தை இலையைவிடக் காய்க்கே கொடுக்கும் என்பதால், இலை குறைந்ததற்கும் இதுவே ஒரு காரணமாக இருக்கலாம்.

மூன்றாவது தற்செயல். நூற்றில் ஒரு செடியிடம் மட்டும் இருக்கும் ஒரு நல்ல குணம், தற்செயலாக எஞ்சிய நாற்பது செடிகளில் ஒன்றிலும் இல்லாமல் போவதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு. அந்த நாற்பதின் பிள்ளைகள் தமக்குள்ளேயே கலந்ததால் நெருங்கிய உறவில் பிறந்த விதையும் சேர்ந்திருக்கும், அதைக் குதிரைமசால் சற்றும் தாங்காது. தண்டு மெலிவதற்கும் உயரம் ஒவ்வாததற்கும் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். ஆரல்வாய்மொழிக் காற்றின் மேல் பழிபோட வேண்டியதில்லை.

கம்பு நேப்பியருக்கு வாருங்கள். கம்புக்கு 14, நேப்பியருக்கு 28, இரண்டும் கலந்த ஒட்டுக்கு 21 குரோமோசோம்கள். இந்த ஒற்றைப்படைத் தொகுதியால் அது மலடு. கரணையால் மட்டுமே பெருகும். குலசேகரத்துக் கரணையும் உங்கள் கரணையும் ஒரே செடியின் துண்டுகள். கினியாப்புல் பூத்து விதை தந்தாலும், அந்த விதை பெரும்பாலும் கருவுறாமலே தாயின் நகலாக உண்டாகிறது. ஆகவே அங்கே நீங்கள் கண்ட அகன்ற இலை, தென்னை நிழலும் இரு பருவமழையும் தந்த தோற்றமே. திருப்பிக் கொண்டுவந்தால் இரண்டொரு வெட்டுக்குள் அது பழையபடி ஆகிவிடும்.

பதில் 2: குலசேகரம் பால்மாடு

மேற்கே வாழ்கிறவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். எங்கள் விளைகளில் நிழலில் வளரும் புல் பார்வைக்குச் செழிப்பாக இருக்கும். ஆனால் நீர்ச்சத்து மிகுதி, உலர் எடை குறைவு. மைத்துனர் வீட்டுப் புல்லைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம்; ஒரு கிலோ வெட்டிக் காயவைத்து இரண்டு இடத்துப் புல்லையும் நிறுத்துப் பாருங்கள். குதிரைமசாலை நான் இருமுறை முயன்று விட்டுவிட்டேன். புளிப்பான சரளை மண்ணும் ஓயாத மழையும் அதற்கு ஒத்துவரவில்லை.

பதில் 3: திட்டுவிளை விதை சேகரிப்பவர்

ஆசிரியர் ஐயாவின் விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் "மாறிவிட்டது" என்பதையே இழப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்ல விரும்புகிறேன். வெண்டலின் கிரிம் என்ற உழவர் 1857-இல் ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவின் மினசோட்டாவுக்குக் குடியேறியபோது ஊர்க் குதிரைமசால் விதையைக் கையோடு கொண்டுபோனார். அங்குள்ள கடுங்குளிரில் பெரும்பாலான செடிகள் செத்தன. அவர் சலிக்காமல் ஆண்டுதோறும் பிழைத்தவற்றின் விதையைச் சேர்த்து விதைத்தார். வட அமெரிக்காவின் குளிர் தாங்கும் குதிரைமசாலுக்கு அடித்தளமாக நின்றது அந்த விதைதான்.

தட்பவெப்பம் இப்படிச் சலித்தெடுப்பதற்கு இன்னொரு தெளிவான சாட்சி வெள்ளைக் குளோவர் என்ற மேய்ச்சல் செடி. அதன் சில செடிகள் கடிபட்டால் சயனைடு வெளியிடும், சில வெளியிடா. இளஞ்சோளம் மாட்டைக் கொல்வதும் இதே நஞ்சினால்தான். குளிர்காலம் மிதமான தென் ஐரோப்பாவில் நஞ்சுள்ள செடிகள் மிகுதி. வடக்கே போகப்போக அவை அருகி மறைகின்றன. சனவரி மாத வெப்பநிலையோடு இது ஒட்டி நடப்பதை ஹூனோர் டாடே என்ற ஆய்வாளர் 1954-இலேயே காட்டினார். ஒரே பயிர்தான், தட்பவெப்பத்துக்குத் தக்கபடி அதன் கூட்டம் வேறாகிவிட்டது.

நீர் தேங்குவதைத் தாங்கும் நாற்பது செடிகள் தோவாளைத் தாலுகாவுக்கு ஒரு சொத்து. அவற்றின் வம்சத்தை உழுது அழித்துவிடாதீர்கள்.

பதில் 4: ஓய்வுபெற்ற வேளாண் ஆசிரியர், நாகர்கோவில்

திட்டுவிளை நண்பர் சொன்னது நியாயம். அதை நான் விட்டுவிட்டேன். ஆனால் நாற்பதுக்குள்ளேயே சுற்றினால் அந்தச் சொத்து தேய்ந்துவிடும். உங்கள் செடிகளோடு புதிய கோ 1 விதையையும் கலந்து விதைத்து, இன்னும் இரண்டு மழைக்காலம் தண்ணீரே சலிக்கட்டும். பிழைப்பவை சில நூறு இருக்க வேண்டும். அதன்பின் விதையை முதலில் முற்றியதிலிருந்து மட்டும் எடுக்காமல், எல்லாச் செடியிலிருந்தும் ஏறக்குறைய ஒரே அளவு எடுங்கள். பூவை அழுத்தித் திறக்கும் தேனீ வந்தால்தான் காய் பிடிக்கும் என்பதால், பூக்கும் நாட்களில் அந்தப் பக்கம் மருந்தடிக்கக் கூடாது.

அதற்கு முன், மாற்றம் மெய்தானா என்று பார்க்க வேண்டும். 2018-ஆம் ஆண்டு விதை மீதம் இருந்தால், அதையும் இப்போதைய விதையையும் ஒரே நாளில், ஒரே மண்ணில், பாத்தி மாற்றிப் பாத்தியாக விதையுங்கள். இரண்டே பாத்தி போதாது; மேடும் பள்ளமும் ஏமாற்றிவிடும். 75 முதல் 80 நாளில் வரும் முதல் வெட்டை வைத்து முடிவுக்கு வராதீர்கள். விதையின் பருமனும் வயதும் அதில் தெரியும். அடுத்து 25, 30 நாளுக்கு ஒருமுறை வரும் வெட்டுகளில் இலையையும் தண்டையும் பிரித்து நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கும் வேறுபாடு நின்றால் அது மரபில் ஏறிய மாற்றம்.

கேட்டவர்: தோவாளை உழவர்

ஐயாவுக்கும் அண்ணாச்சிமார் இருவருக்கும் நன்றி. முதலில் முற்றிய காயைப் பறித்தது என் கை செய்த தெரிவு என்பது எனக்கு உறைத்தது; விதை நன்றாக இருக்கும் என்று எண்ணித்தான் அப்படிச் செய்து வந்தேன். குலசேகரத்துக் கரணையைக் கொண்டுவரும் எண்ணத்தை விட்டுவிட்டேன்.

பழைய விதை மூடிய தகர டப்பாவில் கால் கிலோ அளவுக்கு இருக்கிறது. அதில் நூறு எண்ணி ஈரச் சாக்கில் கட்டி வைத்துப் பார்த்தேன். ஆறாம் நாளில் 58 முளைத்திருந்தன. புதிய விதையில் 86. எட்டுப் பாத்தி பிரித்து மேட்டிலிருந்து பள்ளத்துக்கு மாற்றி மாற்றி அளந்திருக்கிறேன். செடி எண்ணிக்கை ஒத்துவரும்படி பழைய விதைப் பாத்திகளுக்கு ஒன்றரைப் பங்கு விதை போடப் போகிறேன்.