வே புரோட்டீன் டப்பாவை அம்மா பத்தாயத்தில் வைத்துப் பூட்டிவிட்டார், கிட்னி போய்விடுமா?

தெப்பக்குளத்தான்:
எனக்கு 23 வயது, 62 கிலோ, மன்னார்குடிப் பக்கம். நான்கு மாதமாக ஜிம்முக்குப் போகிறேன். மாஸ்டர் சொல்லி, அவரிடமே ஒரு கிலோ வே புரோட்டீன் டப்பா 2,600 ரூபாய்க்கு வாங்கினேன். 30 கிராம் கரண்டிக்கு 24 கிராம் புரோட்டீன் என்று போட்டிருக்கிறது. தெருவில் யாரோ "அது கிட்னியைத் தின்றுவிடும்" என்று சொல்லப் போய், அம்மா டப்பாவை நெல் பத்தாயத்துக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். உண்மையிலேயே கெடுதலா? குடித்த ஒரு மணி நேரத்தில் வயிறு உப்பிக்கொள்கிறது, அது ஏன்? வீட்டில் காலையில் இட்லி, மதியம் சோறு சாம்பார், இரவு தோசை, ஞாயிறு மட்டும் மீனோ கோழியோ. அப்பாவும் தெம்புக்கு என்று ஒரு மாதமாக ராத்திரி பாலில் ஒரு கரண்டி கலந்து குடித்துக்கொண்டிருந்தார், பன்னிரண்டு வருட சுகர்காரர், அவருக்கு வயிறு கியிறு என்று ஒன்றும் ஆகவில்லை.

கோரையாறு:
தம்பி, முதலில் அது என்னவென்று அம்மாவுக்குச் சொல்லு. பாலைத் திரித்துப் பன்னீர் எடுத்தால் மிச்சம் ஒரு வெளிர்மஞ்சள் தண்ணீர் நிற்குமே, அந்த வகைதான். சீஸ் செய்யும்போது வடிகிற அந்தத் தண்ணீரை வடிகட்டி உலர்த்தினால் வே. பாலில் இருக்கிற புரதத்தில் ஐந்தில் ஒரு பங்கு வே, மீதி கேசின் என்ற இன்னொரு பால் புரதம். மருந்தும் இல்லை, ஸ்டீராய்டும் இல்லை. லூசின் என்ற அமினோ அமிலம் (புரதம் என்ற சுவரில் ஒரு செங்கல் மாதிரி) இதில் நிறைய, சீக்கிரம் செரிக்கும், எடை தூக்கிய பிறகு தசை கட்டுவதற்கு அது உதவும். அவ்வளவுதான் அதன் பெருமை. பயிற்சி செய்யாமல் குடித்தால் 2,600 ரூபாய்க்குப் பால்பவுடர்.

வயிறு உப்புவது அநேகமாக லாக்டோஸ். நம் ஆட்களில் நிறையப் பேருக்கு வளர்ந்த பிறகு பால் சர்க்கரை சரியாகச் செரிக்காது. தயிர் மோர் ஒத்துக்கொண்டு, வெறும் பால் மட்டும் வயிற்றைக் கலக்குகிறதா என்று பார். டப்பாவில் கான்சன்ட்ரேட் (குறைவாக வடிகட்டிய வே) என்று போட்டிருந்தால் லாக்டோஸ் கொஞ்சம் இருக்கும், இன்னும் வடிகட்டிய ஐசொலேட்டில் மிகக் குறைவு, விலை கூட. பாலில் கலக்காமல் தண்ணீரில், அரைக் கரண்டியில் ஆரம்பித்துப் பார். எனக்கு அதோடு முகத்தில் பருவும் வந்தது, நிறுத்தினதும் போயிற்று, எல்லோருக்கும் வராது. கிட்னி நன்றாக இருக்கிறவனுக்கு ஒரு கரண்டியால் கிட்னி போனதாக ஆதாரம் இல்லை. ஏற்கெனவே பழுதான கிட்னி என்றால் கதை வேறு.

தரிசு_உளுந்து:
எனக்கு இதைப் படித்தால் எரிச்சல்தான் வருகிறது. தை மாதம் சம்பா அறுப்புக்கு முன்னால் ஈரத்தில் உளுந்தும் பயறும் தெளித்து, எடுத்து, மூட்டை மூட்டையாக வெளியூருக்கு அனுப்பிவிட்டு, நம் பிள்ளைகள் டப்பா வாங்குகிறார்கள். 100 கிராம் உளுந்தில் 24 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. கணக்குப் போடுவோமா? உன் டப்பாவில் 33 கரண்டி, ஒரு கரண்டி சுமார் 79 ரூபாய். நாலு முட்டையிலும் அதே 24 கிராம், முட்டை 7 ரூபாய் என்றே வைத்தாலும் 28 ரூபாய்.

ஆனால் தம்பி சாப்பிடுவது போதாது என்பதையும் சொல்ல வேண்டும். சும்மா இருக்கிற ஆளுக்கே ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம், அதாவது உனக்கு 51. எடை தூக்கினால் 75லிருந்து 100 வரை வைத்துக்கொள். நாலு இட்லியில் எட்டு கிராம் தேறினால் பெரிது. ஆகவே மூன்று முட்டை, அரை லிட்டர் பாலில் உறை ஊற்றிய தயிர், சாயங்காலம் ஒரு கை பயறுச் சுண்டல், இதிலேயே நாற்பது கிராமுக்கு மேல் ஏறும். அப்புறம் உளுந்தங்களியை வயசுக்கு வந்த பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்தது யார்? 2024இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் உடம்பு ஏற்றப் பவுடர் வேண்டாம் என்றுதான் சொல்கிறது.

கோரையாறு:
அக்கா, ஷிப்டு வேலைக்குப் பேருந்தில் போகிறவன் சுண்டலை எங்கே வேகவைப்பான்? எனக்கு அவசரத்துக்கு டப்பாதான். மற்றபடி நீங்கள் சொல்வது சரி. எனக்குப் பெரிய பயம் கிட்னி இல்லை, கலப்படம். ஆய்வகத்தில் பெரும்பாலும் புரதத்தை நேரே அளக்காமல் நைட்ரஜனை அளந்து கணக்குப் போடுவார்கள். நைட்ரஜன் உள்ள கிளைசின் என்ற மலிவான அமினோ அமிலத்தைக் கலந்தாலும் அந்தக் கணக்கு ஏறிவிடும், யூரியா போட்ட வயல் பச்சையாகத் தெரிகிற மாதிரி. 2024இல் 'மெடிசின்' இதழில் வந்த ஆய்வில் இங்கே விற்கிற 36 புரோட்டீன் பொருட்களைச் சோதித்தார்கள், 70 சதவீதம் அளவுக்கு லேபிள் கணக்கு தப்பு, சிலவற்றில் பூஞ்சை நஞ்சும் பூச்சிமருந்தும் வேறு. மாஸ்டர் கொடுத்த டப்பாவில் சீல் இருந்ததா, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எப்எஸ்எஸ்ஏஐ) 14 இலக்க உரிம எண் இருக்கிறதா, பார்த்தாயா?

லேப்_அக்கா_கும்பகோணம்:
எல்லோரும் தம்பியைப் பார்க்கிறீர்கள், நான் அப்பாவைப் பார்க்கிறேன். பன்னிரண்டு வருட சுகர்! தம்பி, "ஒன்றும் ஆகவில்லை" என்பதற்கு அர்த்தமே இல்லை, சுகரில் கிட்னி கெடும்போது ஆரம்பத்தில் வலியோ வீக்கமோ எதுவும் காட்டாது. நான் இருபது வருடமாக லேபில் இருக்கிறேன், கால் வீங்கின பிறகு வருகிறவர்கள்தான் அதிகம். நாளைக் காலை சிறுநீரில் அல்புமின்-கிரியாட்டினின் விகிதம், ரத்தத்தில் கிரியாட்டினின், இரண்டும் கொடுக்கச் சொல். அல்புமின் ரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம், கிரியாட்டினின் கிட்னி வெளியேற்றுகிற கழிவு. விகிதம் 30க்குக் கீழே இருக்க வேண்டும். காய்ச்சலோ நீர்க்கடுப்போ இருந்தால் தள்ளிப் போடு, பொய்யாக ஏறிக் காட்டும். கிட்னி பழுதானவர்களுக்குப் புரதத்தைக் கிலோவுக்கு 0.8 கிராம் அளவில் நிறுத்தச் சொல்வார்கள், அங்கே கூடுதலாக ஒரு கரண்டி வேண்டாத பாரம். ரிசல்ட் வரும் வரை அவருக்கு டப்பா வேண்டாம். நீ கிரியாட்டினும் (ஜிம்காரர்கள் எடுக்கிற இன்னொரு பவுடர், கிரியாட்டினின் இல்லை) சேர்த்து எடுக்கிறாய் என்றால், என்றைக்காவது டெஸ்ட் கொடுக்கும்போது லேபில் சொல், அதனாலேயே கிரியாட்டினின் கொஞ்சம் கூடுதலாக வரும், வீணாகப் பயந்துபோவாய்.

தெப்பக்குளத்தான்:
பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். அப்பாவுக்கு விகிதம் 86, கிரியாட்டினின் 1.1. டாக்டர் பிரஷர் மாத்திரையை மாற்றிக் கொடுத்து, மூன்று மாதத்துக்குள் திரும்பப் பார்க்கச் சொன்னார், பவுடரை நிறுத்தச் சொல்லிவிட்டார். என் டப்பாவில் சீல் இருந்தது, அந்த 14 இலக்க எண்ணைத் தேடினேன், காணவில்லை. தூக்கிப் போட்டுவிட்டேன். முட்டை ஆரம்பித்தாயிற்று, வெள்ளிக்கிழமை மட்டும் சுண்டல். அக்கா, அந்த 86 பவுடரால் வந்ததா?

லேப்_அக்கா_கும்பகோணம்:
ஒரு மாதப் பவுடரால் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை, சுகரும் பிரஷரும் வருடக்கணக்கில் செய்த வேலையாகத்தான் இருக்கும். இப்போதே தெரிந்தது நல்லது. மூன்று மாதம் என்றால் மூன்று மாதம், அறுவடை அது இது என்று தள்ளவிடாதே.

தெப்பக்குளத்தான்:
சரி அக்கா. இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை, டப்பாதான் காரணம் என்று அதற்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.