மறு: மறு: காற்றுப் போகாத கிரில்லுக்கு என்ன பெயர்?

பீன்யா, பட்டறைப் பயிற்சியாளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இங்கே பெங்களூரில் மெக்கானிக் வேலை பழகும் பிள்ளைகளுக்கு ஒரு கையேடு தயார் செய்கிறேன். பாதிக்கு மேல் ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்துப் பிள்ளைகள். கன்னடம் சரளமாகப் பேசுவார்கள், படிக்கச் சொன்னால் திணறுவார்கள். அதனால் தமிழில் ஒரு பதிப்பு. திங்கள்கிழமை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும்.

சிக்கல் இதுதான். இன்றைய கார்களின் முகத்தில் கிரில் (காற்று உள்ளே போக வைக்கும் வலைத் தட்டி) மாதிரி தெரிவதெல்லாம் கிரில் இல்லை. தேன்கூடு வடிவத்தைப் பிளாஸ்டிக்கில் வார்த்துக் கறுப்பாக விட்டிருப்பார்கள். பம்பரின் இரண்டு ஓரத்திலும் குகை மாதிரி இருக்கும், விரலை விட்டால் முட்டும். அதை வெட்டித் திறந்து, பின்னால் அலுமினிய வலை வைத்து, காற்று உள்ளே போகும்படி செய்வது ஒரு பாடம். எனக்கு மூன்று சொல் வேண்டும்: அடைத்த கிரில், காற்றை விடும் கிரில், முதலாவதை இரண்டாவதாக மாற்றும் வேலை.

பட்டறையில் 'டம்மி', 'ஒரிஜினல்' என்கிறார்கள். டம்மி புரிகிறது. ஒரிஜினல்தான் தகராறு. கம்பெனியிலிருந்து வந்ததே டம்மி, அதனால் டம்மிதான் ஒரிஜினல்! வெட்டித் திறந்தது நாம் செய்த மாற்றம். பையன்கள் தலைகீழாக எழுதி வைக்கிறார்கள்.

அல்சூர், ஓய்வு பெற்ற தமிழாசிரியை:

தம்பி, இதற்கு ஏன் மூன்று நாள் தேட வேண்டும்? சிலம்பில் இந்திர விழாக் காதையைத் திறந்தால் 'மான்கண் காலதர் மாளிகை' நிற்கிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காலதர் என்றால் காற்று வரும் வழி. உரையாசிரியர் அடியார்க்கு நல்லாரைக்கூடக் கேட்க வேண்டியதில்லை, சொல்லே பொருளைச் சொல்கிறது. மான் கண்ணைப் போன்ற துளைகள் கொண்ட சாளரம். உங்கள் தேன்கூடு வலையும் அதே துளைகள்தானே? 'அதர்' வழக்கில் இல்லை என்று யாரும் கிளம்ப வேண்டாம். 'ஆக்கம் அதர்வினாய்ச் செல்லும்' என்று 594ஆம் குறளைப் பள்ளியில் எல்லோரும் ஒப்பித்திருக்கிறோம். வேலை செய்வது காலதர். அடைத்தது பொய்க்காலதர். முடிந்தது.

ஜே.சி. ரோடு, உதிரிபாகக் கடை:

டீச்சரம்மா, முடியவில்லை. 'பொய்க்காலதர்' என்று அச்சடித்தால் பையன் 'பொய்க்கால் அதர்' என்று பிரித்துப் படிப்பான். பொய்க்கால் குதிரைக்காரர் போகிற பாதை என்று நினைத்துக்கொள்வான். தனியாகக் 'காலதர்' என்றாலும் ஃபுட்போர்டு சம்பந்தப்பட்ட ஐட்டம் என்றுதான் எடுத்து வைப்பான். கடையில் இருபது வருஷமாக நிற்கிறவன் சொல்கிறேன். (ஆக்கம் வழி கேட்டுக்கொண்டு வரும் என்கிறார் வள்ளுவர். எங்கள் தெருவில் பார்க்கிங் இல்லாமல் திரும்பிப் போயிருக்கும்.)

இன்னொன்று. தயவுசெய்து 'போலி' என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். எங்கள் தொழிலில் போலி என்றால் டூப்ளிகேட் சரக்கு, அடுத்தவன் பெயரை ஒட்டி விற்பது. டம்மி கிரில் அப்படி இல்லை. கம்பெனியே செய்து கம்பெனியே மாட்டியது.

மல்லேஸ்வரம், சொல்லாராய்ச்சி ஆர்வலர்:

போலி என்றாலே குற்றமா? முதற்போலி, கடைப்போலி எல்லாம் இலக்கணத்தில் மரியாதையாக உட்கார்ந்திருக்கின்றன. 'இல்வாய்' தலைகீழாகி 'வாயில்' ஆனது இலக்கணப்போலி. அதுவும் ஒரு திறப்புக்கான சொல் என்பதைக் கவனிக்க. ஆனால் கடைக்காரர் பயம் நியாயமானது, விட்டுவிடுவோம்.

என் கேள்வி வேறு. 'கிராதி' கையில் இருக்கும்போது ஏன் அலைகிறோம்? மாடிப்படிக் கிராதி, திண்ணைக் கிராதி எல்லாருக்கும் தெரியும். தமிழில்லை என்பீர்கள். உண்மைதான். சாவி, மேசை, அலமாரி, சன்னல் வந்த அதே போர்த்துக்கீசியக் கப்பலில் வந்த சொல். சுவாரசியம் அதற்கு மேல் இருக்கிறது. லத்தீனில் 'கிராத்திஸ்' என்றால் பின்னிய தட்டி. அதிலிருந்து போர்த்துக்கீசியத்துக்குப் போனது நம் கிராதி. அதன் சிறுமைப் பெயர் 'கிராத்திகுலா' பிரெஞ்சில் தேய்ந்து தேய்ந்து கிரில் ஆனது. ஆக இரண்டும் ஒரே பாட்டியின் பேத்திகள். ஒருத்தி கப்பலில் முன்னால் வந்துவிட்டாள், இன்னொருத்தி காரில் பின்னால் வந்தாள்.

அதனால் கிரில் என்றே வைத்தாலும் எனக்குச் சம்மதம். 'கி' மொழிக்கு முதலில் வரும், 'ல்' ஈற்றில் வரும். தொல்காப்பியர் 'வடவெழுத்து ஒரீஇ' (வட எழுத்தை விலக்கி) என்று போட்ட நிபந்தனையில் ஒரு குறையும் இல்லாமல் தேறுகிற சொல்.

அல்சூர், தமிழாசிரியை:

அந்த நூற்பா வடசொல்லுக்கு. கார் உதிரிபாகத்துக்கு அதைக் கொண்டுவந்தால் நாளைக்கு ஸ்பார்க் பிளக்குக்கும் அதே சீட்டைக் காட்டுவீர்கள். 'கிரில்' தேறுகிறது என்பதற்காக அது தமிழாகிவிடாது. புரியாது, புரியாது என்கிறீர்கள். 'பேருந்து' முதல் நாளே புரிந்ததா? எழுதி எழுதித்தான் புரிய வைத்தோம்.

ஜே.சி. ரோடு:

இப்போதும் பஸ் என்றுதான் ஏறுகிறோம் டீச்சரம்மா.

ராஜாஜிநகர், கோயிற்கலை ஆர்வலர்:

நான் சற்று வெளியே போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். காற்றுக்கு வைத்த திறப்பு வெறும் அலங்காரமாக மாறிய கதை நமக்குப் புதிதில்லை. மாமல்லபுரத்து ரதங்களின் கூரை விளிம்பைப் பாருங்கள். குதிரை லாட வடிவில் வரிசையாகக் 'கூடு'கள், பலவற்றில் ஒரு முகம் எட்டிப் பார்க்கும். மரத்திலும் கூரையிலும் கட்டிய காலத்தில் அது வெளிச்சமும் காற்றும் வர வைத்த சாளரம். கல்லுக்கு மாறியபோது திறப்பு போய்விட்டது, வடிவம் மட்டும் நின்றுவிட்டது. வடமொழியில் இதைக் 'கவாட்சம்' என்பார்கள், பசுவின் கண். சிலம்பில் மான் கண், அங்கே பசுக் கண். கோயில் விமானத்தில் பெரிதாக வரும்போது அதற்கே 'நாசி' என்று பெயர். காரின் முகத்தில் காற்றை இழுப்பதற்கு நாசியைவிடப் பொருத்தமான சொல் உண்டா? அடைத்தது கூடு, திறந்தது நாசி.

பீன்யா, பயிற்சியாளர்:

ஐயா, அருமையான செய்தி. ஆனால் கூடு என்றால் பையன்கள் தேன்கூடு வலையைத்தான் எடுத்துக்கொள்வார்கள். அது திறந்த வகை. நேர் எதிராகிவிடும். பக்கத்து மேசையில் இருக்கும் கன்னட ஆசிரியர், அவர்கள் பதிப்பில் 'கிண்டி' (சின்னச் சன்னல்) என்று போடப் போவதாகச் சொல்கிறார். உடுப்பியில் கனகதாசர் கண்ணனைப் பார்த்த கனகன கிண்டி இருக்கிறதே, அந்தக் கிண்டி. அவர்களுக்கு எவ்வளவு சுலபமாகிவிட்டது பாருங்கள்.

மல்லேஸ்வரம்:

நாம் கிண்டி என்றால் சென்னை ரயில் நிலையத்தில் இறங்கிவிடுவார்கள்.

ஒயிட்ஃபீல்ட், வாகன வடிவமைப்புப் பொறியாளர்:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். எல்லோரும் துளைக்குப் பெயர் வைக்கிறீர்கள். துளை பாதிக் கதைதான்.

பம்பரின் ஓரக் குகையை வெட்டித் திறந்தால் பின்னால் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பல வண்டிகளில் சக்கரத்து உள்உறைதான் இருக்கும். காற்று உள்ளே போய் அங்கேயே முட்டி நிற்கும். முன்னால் அழுத்தம் கூடி, பின்னால் வெளியேற வழி இல்லையென்றால் காற்று துளைக்குள் வராது, சுற்றிக்கொண்டு போய்விடும். வெட்டியதால் லாபம் வேண்டுமென்றால் அங்கிருந்து ரேடியேட்டருக்கோ, இன்டர்கூலருக்கோ (டர்போ காற்றைக் குளிர்விப்பது), பிரேக் டிஸ்குக்கோ ஒரு குழாய் போக வேண்டும். நடு கிரில்லைத் திறந்தாலும் ஏ.சி. கன்டென்சர், ரேடியேட்டர் ஓரங்களில் ஃபோம் வைத்து இடைவெளியை அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்று சுலபமான சந்து வழியே நழுவிவிடும். சில்க் போர்டு சிக்னலில் நிற்கிற வண்டிக்கு இது எதுவும் உதவாது. அங்கே இழுப்பது மின்விசிறி. வேகம் எடுத்தால்தான் கிரில்லுக்கு வேலை.

அதனால் வகை இரண்டு இல்லை, மூன்று. அடைத்தது. திறந்தும் எங்கேயும் போகாதது. திறந்து, வழியோடு இருப்பது. பட்டறைகளில் காசு வாங்கிக்கொண்டு செய்து கொடுப்பது பெரும்பாலும் நடுவில் உள்ளது. அதற்குப் பெயர் இல்லாததால்தான் வாடிக்கையாளருக்கு ஏமாந்தது தெரிவதில்லை.

கையேட்டுக்குக் கூடவே இதையும் சேருங்கள். வெட்டும் முன் பின்புறம் பொறித்திருக்கும் எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள். பி.பி. என்று இருந்தால் பாலிபுரொப்பிலீன், சாதாரணப் பசை ஒட்டாது. வலையின் ஓரத்தை மடித்து ஸ்க்ரூ போடட்டும், அல்லது பிளாஸ்டிக் வெல்டிங். ஏ.பி.எஸ். (இன்னொரு வகைப் பிளாஸ்டிக்) என்றால் ஒட்டும். குரோம் பூசிய ஏ.பி.எஸ். என்றால் வெட்டிய விளிம்பில் பூச்சு உரியும். வெட்டும் கருவியை வேகமாக ஓட்டினால் பிளாஸ்டிக் அறுபடாது, உருகி மறுபடி ஒட்டிக்கொள்ளும். முன்பக்கம் ராடார் உள்ள வண்டியாக இருந்தால் அதன் முன்னால் உலோக வலை வைக்கவே கூடாது, அலை தாண்டாது. வாகன மாற்றங்களைப் பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவையும் 2019இல் உச்ச நீதிமன்றம் அதைப் பற்றிச் சொன்னதையும் ஒரு பத்தி எழுதிவிடுங்கள். பையன்கள் எதையும் வெட்டலாம் என்று நினைத்துவிடக் கூடாது.

அல்சூர், தமிழாசிரியை:

பொறியாளர் என் கட்சியைத்தான் பேசியிருக்கிறார். அவருக்கே தெரியவில்லை. 'துளை பாதிக் கதை' என்கிறாரே, அதர் என்றால் வழி! வழி இருந்தால்தான் காலதர். வழியில்லாமல் திறந்து கிடப்பது வெறும் துளை.

பீன்யா, பயிற்சியாளர்:

அம்மா, பொருள் கச்சிதம்தான், மறுக்கவில்லை. நேற்று கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன். 'காலதர்' என்றதும் ஒரு பையன் 'காலாவதியா சார்?' என்று கேட்டான். அதற்கு மேல் நான் முயலவில்லை.

ஆனால் அதே வகுப்பில் ஒன்று நடந்தது. டம்மி பம்பரை மேசையில் போட்டு, எங்கே வெட்டுவது என்று கோடு போடச் சொன்னேன். தர்மபுரிப் பையன் ஒருவன் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்து, 'இதுக்குக் கண்ணே தொறக்கல சார்' என்றான். மற்றவர்களுக்கு உடனே புரிந்தது. வலைக்குக் கண், பலகணிக்குக் கண், ஆசிரியையின் மானுக்கும் ராஜாஜிநகர் ஐயாவின் பசுவுக்கும் கண். அதனால்: மூடுகண் கிரில், திறகண் கிரில், வேலைக்குக் 'கண் திறப்பு'. என்ன சொல்கிறீர்கள்?

ராஜாஜிநகர்:

சிலைக்குக் கடைசியாக உளி வைத்துக் கண் திறப்பது போல. பிரமாதம்.

மல்லேஸ்வரம்:

'மூடுகண்' வினைத்தொகை, ஊறுகாய், சுடுகாடு வரிசையில் சரி. 'திறகண்' காதில் இடிக்கிறது. திறவுகோல் என்கிறோம், திறகோல் என்பதில்லை. திறவுகண் என்று வையுங்கள். 'திறவு' பெயர்ச்சொல்லானால் 'திறவுக்கோல்' என்று வலி மிக வேண்டாமா என்று யாராவது கேட்பதற்கு முன் நானே கேட்டுவிடுகிறேன். விடை என்னிடம் ஒரு பக்கத்துக்கு இருக்கிறது.

ஜே.சி. ரோடு:

அந்தப் பக்கம் உங்களிடமே இருக்கட்டும் சார். 'மூடுகண்' எனக்குச் சரி. கடையில் டம்மி என்றுதான் கேட்பார்கள், கையேட்டில் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும்.

ஒயிட்ஃபீல்ட், பொறியாளர்:

நடுவில் சொன்ன வகை?

பீன்யா, பயிற்சியாளர்:

நாளை காலை அச்சகத்துக்காரர் வருகிறார். முடிவு: மூடுகண் கிரில், திறவுகண் கிரில், கண் திறப்பு. நடு வகைக்குப் பெயர் வைக்கவில்லை. 'கண் மட்டும் திறந்தது, வழி இல்லை' என்று வாக்கியமாகவே எழுதிவிட்டேன். பக்கத்தில் பொறியாளர் சொன்ன குழாய்ப் படம். ஆதரவு தெரிவித்தவர்கள் நான்கு பேர், அதில் இரண்டு பேர் சலித்துப்போய்த் தெரிவித்தார்கள் என்று தெரிகிறது. எல்லோருக்கும் நன்றி.

அல்சூர், தமிழாசிரியை:

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். கண் பார்ப்பதற்கு, காற்று வாங்குவதற்கு இல்லை. கையேட்டின் கடைசியில் சொற்பட்டியல் இருந்தால் அதிலாவது காலதரைச் சேருங்கள், இருபது வருஷம் கழித்து யாராவது எடுத்துக்கொள்வார்கள்.

அப்புறம், சில புது வண்டிகளில் தேவையில்லாதபோது கிரில்லுக்குப் பின்னால் தானே மூடிக்கொள்ளும் பலகைகள் வருகின்றனவாமே, காற்றுத் தடை குறைய? சங்கப் பாட்டான நெடுநல்வாடையில் இதே ஏற்பாடு இருக்கிறது. வேனிலில் தென்றலைக் கொண்டுவரும் 'நேர்வாய்க் கட்டளை', அதுவும் சாளரந்தான். வாடை வந்ததும் 'போர்வாய்க் கதவ'த்தை (இரண்டு பலகையும் பொருந்தும் கதவு) தாழிட்டு அடைத்துவிடுகிறார்கள். அந்த மூடிக்குப் 'போர்க்கதவம்' என்று இப்போதே வைத்துவிடலாம்.

பீன்யா, பயிற்சியாளர்:

அம்மா, ஷட்டர் அடுத்த தொகுதியில்தான் வருகிறது. அவசரமில்லை.

ஜே.சி. ரோடு:

அவசரமில்லை என்று இந்தக் குழுவில் சொல்லாதீர்கள் சார்.

மல்லேஸ்வரம்:

'கதவம்' பற்றி ஒரு சின்னக் குறிப்பு. புது இழையில் அனுப்புகிறேன்.