மொபிலைசேஷன்: ‘படைதிரட்டல்’ போதுமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

முதல் உலகப் போரின் தோற்றம் பற்றிய நம் சொற்பட்டியலில் ‘மொபிலைசேஷன்’ (mobilization, படைகளைப் போருக்கு ஆயத்தமாக்குவது) என்பதற்கு நேரே ‘படைதிரட்டல்’ என்று எழுதிவிட்டு மேலே போகலாம் என்று சென்ற மடலில் நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். வேறு எந்தப் போரைப் பற்றிய பட்டியலாக இருந்தாலும் நான் மறுத்திருக்க மாட்டேன். ஆனால் 1914 ஜூலை இறுதியில் ஐரோப்பா போருக்குள் விழுந்த கதையில் பாதி இந்த ஒரு சொல்லைச் சுற்றியே நடக்கிறது என்பதால், இங்குக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது.

‘திரட்டல்’ என்றால் சிதறிக் கிடப்பதை ஒன்றுசேர்ப்பது. நிதி திரட்டுகிறோம், தகவல் திரட்டுகிறோம், தேர்தலுக்கு ஆள் திரட்டுகிறோம். ‘மன்னன் படை திரட்டினான்’ என்று படிக்கும்போது, அதுவரை இல்லாத ஒரு படை உருவாவதாகத்தான் மனத்தில் தோன்றுகிறது. 1914 இல் நடந்தது அதுவன்று. ஜெர்மனியில் காலாட்படையில் இரண்டு ஆண்டும், 1913 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் பிரான்சில் மூன்று ஆண்டும் கட்டாயப் பணி முடித்த இளைஞன் வீடு திரும்பி உழவோ தச்சோ பார்த்துக்கொண்டிருப்பான். ஆனால் அவன் பெயர் சேமப்படைப் பதிவேட்டில் இருக்கும், ஆணை வந்தால் எத்தனையாவது நாளில் எங்குப் போய்ச் சேர வேண்டும் என்பதும் முன்பே வரையறுக்கப்பட்டிருக்கும். ஆணை பிறந்ததும் அவன் தன் பழைய படைப்பிரிவுக்குத் திரும்புகிறான். சீருடையும் துப்பாக்கியும் கிடங்கிலிருந்து வருகின்றன. ஊர்க் குதிரைகள் கையகப்படுத்தப்படுகின்றன. அமைதிக்காலத்தில் பாதி ஆளோடு இயங்கிய பிரிவுகள் போர்க்கால அளவுக்கு நிறைகின்றன. பிறகு ரயில். ஜெர்மனி அந்த ஆகஸ்டில் சுமார் 11,000 ரயில்களில் ஏறத்தாழ 30 லட்சம் பேரை நகர்த்தியது. ஏற்கெனவே திரட்டி, பெயரெழுதி, நாள் குறித்து வைத்திருந்த ஒரு படையை அசையச் செய்ததற்குத் ‘திரட்டல்’ என்ற சொல் எப்படிப் பொருந்தும்?

இது வெறும் சொல் நுணுக்கம் என்று சொல்வோர் 1892 ஆகஸ்டில் பிரான்சும் ரஷ்யாவும் செய்துகொண்ட இராணுவ உடன்பாட்டைப் பார்க்கலாம். ஜெர்மனி, ஆஸ்திரியா–ஹங்கேரி, இத்தாலி ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று மொபிலைசேஷனைத் தொடங்கினாலே, தனியாகக் கலந்து பேசாமல் இரு நாடுகளும் உடனே தம் முழுப் படைகளையும் அதே நிலைக்குக் கொண்டுவந்து எல்லைக்கு அனுப்ப வேண்டும் என்கிறது அதன் இரண்டாம் பிரிவு. அதாவது பிறர் சுடத் தொடங்க வேண்டியதில்லை. ஆணை பிறப்பித்தாலே போதும். அந்தப் பிரிவு படைகளை இந்நிலைக்குக் கொண்டுவருவதையும் எல்லைக்கு அனுப்புவதையும் இரண்டு வினைகளாகப் பிரித்தே சொல்கிறது என்பதையும் கவனியுங்கள். உடன்பாட்டைப் பேசி முடித்த பிரெஞ்சுத் தளபதி புவாதெஃப்ர், இந்த ஆணை என்பது போர்ப் பிரகடனமே என்று ரஷ்யப் பேரரசரான ஜார் மூன்றாம் அலெக்சாந்தரிடம் விளக்கினார். தாமும் அப்படியே புரிந்துகொள்வதாக ஜார் பதில் சொன்னார்.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் அதே இரு நாடுகளும் நேர் எதிராகப் பேசின. 1914 ஜூலை 28 அன்று ஆஸ்திரியா செர்பியாமீது போர் அறிவித்தது. மறுநாள் ரஷ்ய ஜார் இரண்டாம் நிக்கலாஸ் பொது ஆணைக்கு, அதாவது நாட்டின் படை முழுவதற்குமான மொபிலைசேஷன் ஆணைக்கு, ஒப்புதல் தந்தார். பீட்டர்ஸ்பர்க் தந்தி நிலையத்தில் அந்த ஆணை நாடெங்கும் போகக் காத்திருந்தபோது, இரவு ஒன்பதரை மணியளவில் அதை நிறுத்தும்படி ஜாரிடமிருந்து சொல் வந்தது. ஜெர்மன் பேரரசர் வில்ஹெல்மின் தந்தி அவரைத் தயங்க வைத்திருந்தது. பொது ஆணைக்குப் பதிலாகக் கீவ், ஒடெசா, மாஸ்கோ, கசான் ஆகிய நான்கு இராணுவ மாவட்டங்களுக்கு மட்டும், ஆஸ்திரியாவுக்கு எதிராக மட்டும் என்று ஒரு பகுதி ஆணை போனது. அதிகாரிகள் கைபிசைந்தார்கள். அப்படியொரு திட்டம் ஒழுங்காக வகுக்கப்பட்டிருக்கவே இல்லை. ஜெர்மனியையும் ஆஸ்திரியாவையும் ஒட்டியிருந்த வார்சா மாவட்டத்தைத் தொடாமல் ஆஸ்திரியாவோடு போரிடுவதும் கடினம், பாதி வழியில் பொது ஆணைக்கு மாறினால் ரயில் அட்டவணை முழுவதும் குழம்பிவிடும். ஜூலை 30 பிற்பகலில் வெளியுறவு அமைச்சர் சசோனவ் ஜாரை மீண்டும் இணங்க வைத்தார். ஜார் மறுபடி மனம் மாறிவிடாதிருக்கத் தம் தொலைபேசியை உடைத்துவிட்டு மறைந்துவிடப் போவதாகப் படைத்தலைமை அதிகாரி யனுஷ்கேவிச் சொன்னது அன்றைய பொழுதில்தான்.

அப்போதும் ஜார், பேச்சு நடக்கும்வரை தம் படைகள் எதையும் தூண்டாது என்று வில்ஹெல்முக்கு வாக்குக் கொடுத்தார். ரஷ்யப் படை ஆயுதத்தோடு வாரக்கணக்கில் எல்லைக்குள்ளேயே நிற்க முடியும் என்பது ரஷ்யத் தரப்பின் வாதம். ஆகஸ்ட் 1 அன்று பிரான்சு தன் ஆணையைச் சுவரொட்டியாக ஒட்டியபோது, அதனுடன் வந்த அரசின் அறிக்கை ‘மொபிலைசேஷன் போர் ஆகாது’ என்றே சொன்னது. தன் படைகளை எல்லையிலிருந்து பத்துக் கிலோமீட்டர் பின்னால் நிறுத்தவும் பிரான்சு முன்பே ஆணையிட்டிருந்தது. ஜெர்மனிக்கு அந்த வசதி இல்லை. பெல்ஜியம் வழியாக முதலில் பிரான்சைத் தாக்குவது என்ற அதன் திட்டப்படி, பெல்ஜியத்தின் லியேஜ் கோட்டைகளைத் தொடக்க நாள்களிலேயே பிடித்தாக வேண்டும். ஆகவே அங்கு ஆணைக்கும் எல்லை தாண்டுவதற்கும் இடையில் நிற்பதற்கு இடமே இல்லை. கிழக்கு நோக்கி மட்டும் படை நடத்தும் மாற்றுத் திட்டத்தையும் 1913 இலேயே கைவிட்டிருந்தார்கள். ஆகஸ்ட் 1 மாலையில், பிரான்சு ஒதுங்கியிருக்கக்கூடும் என்ற செய்தியை நம்பி, படை முழுவதையும் ரஷ்யாப் பக்கம் திருப்புமாறு வில்ஹெல்ம் கேட்டபோது, அது முடியாது என்று ஜெர்மன் படைத்தலைமை அதிகாரி மோல்ட்கே மறுத்தார். (ரயில் பிரிவை நடத்திய ஃபான் ஷ்டாப், அப்படித் திருப்ப முடிந்திருக்கும் என்று போருக்குப் பின் கணக்குக் காட்டினார். அவர் துறையின் மானம் அது.)

இதை இவ்வளவு விரிக்கக் காரணம், இன்னொரு நண்பர் முன்வைத்த ‘போர்நிலையாக்கம்’ என்னும் சொல். அழகான சொல்தான், முதலில் நானும் அதற்கே கை தூக்கினேன். ஆனால் பிரெஞ்சு அறிக்கையை அதைக் கொண்டு பெயர்த்துப் பாருங்கள்: ‘போர்நிலையாக்கம் போர் ஆகாது.’ படிப்பவர் சிரித்துவிடுவார். பிரான்சு பொய் சொல்லிற்று என்று சொல்லே தீர்ப்பு எழுதிவிடும். புவாதெஃப்ரின் கூற்றோ, சொன்னதையே திரும்பச் சொன்னதாகிவிடும். இந்த ஆணை போருக்குச் சமமா இல்லையா என்பதுதான் ஜூலை நெருக்கடியைப் பற்றி இன்றும் வரலாற்றாசிரியர்கள் வாதிடும் கேள்வி. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது கலைச்சொல் ஒரு கட்சியோடு சேரக் கூடாது.

‘படையெழுச்சி’ என்ற மூன்றாவது பரிந்துரைக்கு இலக்கியச் செல்வாக்கு உண்டு. திருவாசகத்தில் ‘திருப்படையெழுச்சி’ என்றே ஒரு பகுதி இருக்கிறது. எனினும் அது படை புறப்பட்டுவிட்ட நிலை. நாம் தேடுவது புறப்பாட்டுக்கு முந்தைய நிலை. அதைவிடப் பெரிய இடையூறு, ‘எழுச்சி’ என்றாலே இன்று கிளர்ச்சி நினைவுக்கு வருவது. ‘ரஷ்யப் படையெழுச்சி’ என்றால் 1917 இல் ரஷ்யத் தலைநகர் பெத்ரகிராதில் நடந்த கலகம் என்றுதான் மாணவர் எழுதுவார்.

என் பரிந்துரை ‘படைமுடுக்கம்’. பணிகளை முடுக்கிவிட்டார்கள் என்று நாளிதழ்கள் எழுதாத நாளில்லை. கடிகாரத்தை முடுக்குவது என்பதும் பழைய வழக்கு. இருக்கும் ஒன்றை இயங்க வைப்பது என்ற பொருள் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. போர் என்ற பேச்சு இல்லை. முடுக்கிய பொறி ஓடியே தீருமா, நடுவில் நிறுத்தலாமா என்பதைச் சொல் சொல்லவில்லை, மோல்ட்கேயும் ஷ்டாப்பும் வாதிட்டுக்கொள்ளட்டும். ‘படைமுடுக்கம் போர் ஆகாது’ என்றும் எழுதலாம், ‘படைமுடுக்கமே போர்’ என்றும் எழுதலாம். இரண்டும் பொருளுள்ள வாக்கியங்கள். ‘பொதுப் படைமுடுக்கம்’, ‘படைமுடுக்க ஆணை’, ‘படைமுடுக்கத்தின் முதல் நாள்’ என்று கிளைத்தும் வரும். வினையாக்க வேண்டுமானால் ‘படைகளை முடுக்கியது’ போதும்.

இயற்பியலில் ‘முடுக்கம்’ ஏற்கெனவே வேறொன்றுக்கு உரியது என்ற தடை வரும். ‘படை’ முன்னே ஒட்டியிருக்கையில் யாரும் மயங்கப் போவதில்லை என்பது என் கணிப்பு. ‘பகுதிப் படைமுடுக்கம்’ என்பது காதில் இடறுகிறது என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். உண்மைதான், பாதி முடுக்கிய கடிகாரம் போல இருக்கிறது. ரஷ்ய அதிகாரிகளுக்கும் 1914 ஜூலை 29 அன்று அப்படித்தான் இருந்தது. இச்சொல் நமக்குப் பழங்கதைக்கு மட்டும் தேவைப்படுவதுமில்லை: 2022 செப்டம்பர் 21 அன்று மூன்று லட்சம் சேமப்படையினரை அழைத்து ரஷ்யா அறிவித்ததும் இதே பகுதி ஆணைதான்.

ரயிலில் ஏற்றி எல்லையில் இறக்குவதற்குப் ‘படைக்குவிப்பு’ என்ற வழக்குச் சொல்லே போதும். 1892 உடன்பாடு அவற்றைப் பிரித்ததுபோல நாமும் பிரிப்போம். இந்தப் பிரிவு இல்லாவிட்டால் ஆஸ்திரியாவின் கதையையே எழுத முடியாது: செர்பிய எல்லைக்குப் போன அதன் இரண்டாம் படையைப் பிறகு ரஷ்யாவுக்கு எதிராக, ரஷ்ய எல்லையை ஒட்டிய கலிசியா மாகாணத்துக்குத் திருப்ப நேர்ந்தது. அங்கே தவறியது முடுக்கம் அன்று, குவிப்பு. ஜெர்மன் முன்னேற்றத்தைத் தடுத்த மார்ன் போரின் திருப்புமுனையும் அப்படியே. 1914 செப்டம்பரில் பாரிஸ் பக்கம் பிரெஞ்சுத் தலைமைத் தளபதி ஜோஃப்ர் புதிய படையை நிறுத்த முடிந்தது, கிழக்கிலிருந்து ரயிலில் பிரிவுகளை மாற்றிக் குவித்ததால்தான். வீரர்களைப் போர்முனைக்கு ஏற்றிச் சென்ற பாரிஸ் டாக்சிகளின் புகழ் அதற்குச் சற்று மிகை.

எனவே பட்டியலுக்கு என் வரைவு இது: “படைமுடுக்கம்: சேமப்படையினரை அழைத்து, கருவிகளும் ஊர்திகளும் வழங்கி, அமைதிக்காலப் படைப்பிரிவுகளைப் போர்க்கால அளவுக்கு நிறைக்கும் செயல், அதற்கான அரசாணை.” ‘படைதிரட்டல்’ என்பதைப் புதிதாகப் படை உருவாக்குவதற்கு ஒதுக்கி வைக்கலாம், பிரிட்டிஷ் போர் அமைச்சர் கிச்சனர் 1914 இல் தன்னார்வலரைச் சேர்த்தது அந்த வகை.

எதிர்ச்சொல்லில்தான் எனக்கு இன்னும் நிறைவில்லை. ‘படைக்குறைப்பு’ வேறு பொருளில் நிலைத்துவிட்டது; ‘படைக்கலைப்பு’ என்றால் படையே இல்லாமல் போவதுபோல ஒலிக்கிறது. 1918 நவம்பருக்குப் பின் வீரர்களை வீட்டுக்கு அனுப்பியதைப் ‘படைவிடுப்பு’ என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். ‘விடுப்பு’ என்றதும் அலுவலக விடுமுறை நினைவுக்கு வருகிறது என்று வீட்டிலேயே ஆட்சேபம். இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.

அன்புடன்.