இடுப்பு எலும்புல நீர்க்கட்டி, ஆபரேஷன் வேணுமா?

செந்தூல் அம்மா:
என் மகனுக்கு 14 வயசு, ஃபுட்சால்ல விழுந்து எக்ஸ்ரே எடுத்தப்போ இடுப்பு எலும்புல கட்டின்னு தெரிஞ்சுது, கேன்சர் மாதிரி தெரியலையாம், ஆனா ராத்திரி கால் நடுவுல தலகாணி வெச்சாத்தான் தூங்குறான், ஆபரேஷன் பண்ணியே ஆகணுமா?

பட்டர்வொர்த் தம்பி:
பயப்படாதீங்கக்கா. உள்ள தண்ணியா ரத்தமான்னு எம்ஆர்ஐல பார்க்கணும். தண்ணிக்கட்டி சின்னதா வலியில்லாம இருந்தா அப்பப்போ எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துட்டே இருப்பாங்க, பெருசாகி வலிச்சா சுரண்டி எடுத்துட்டு எலும்புத்துண்டு வெச்சு நிரப்புவாங்க. ஸ்டீராய்டு ஊசியும் உண்டு.

பிரிக்ஃபீல்ட்ஸ்காரன்:
எனக்கு எலும்புல ரத்தம் நிறைஞ்ச கட்டி இருந்துச்சு. பயாப்சி (கட்டில கொஞ்சம் எடுத்து டெஸ்ட்) பண்ணி உறுதியானப்புறம், ரத்தம் ரொம்ப போகக்கூடாதுன்னு முதல்ல கட்டிக்குப் போற ரத்தக்குழாய அடைச்சுட்டுத்தான் சுரண்டுனாங்க. இது திரும்பவும் வரலாம், அதனால செக்கப்ப விட்டுடாதீங்க. யாரையும் உருவிவிட மட்டும் விடாதீங்க!

செந்தூல் அம்மா:
புதன்கிழமை எம்ஆர்ஐ. மாமியார் உருவலாம்னுதான் சொன்னாங்க, நிறுத்திட்டேன். நன்றி தம்பிங்களா.